காவு வாங்கும் கல்குட்டைகள்: தாம்பரம் வட்டாரக் குவாரிகளின் வரலாறும் பேய்க்கதைகளும்

சென்னையின் தென்புறத்தில் 'கல்குட்டை' என்பது கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளத்தில் தேங்கிய நீர்நிலையைக் குறிக்கும். பெருங்குடி அருகே கல்லுக்குட்டை என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்பு இருக்கிறது. பரங்கிமலையில் தொடங்கித் திரிசூலம், பல்லாவரம், நன்மங்கலம், வண்டலூர் என்று விட்டு விட்டுத் தொடரும் சிறு குன்றுகள் பலவற்றுக்கு ஒரு பக்கம் இல்லை. அந்தப் பக்கம் ஜல்லியாக மாறி நகரத்துக்குள் போய்விட்டது. பெரும்பாக்கத்துக்கு அருகிலுள்ள ஒட்டியம்பாக்கம் கல்குவாரியும் இந்த வகையைச் சேர்ந்ததே. இத்தகைய பள்ளங்களைப் பற்றி ஊரில் இரண்டு செய்திகள் சேர்ந்தே பேசப்படும். ஒன்று, அங்கே இறந்தவர்களின் கணக்கு. மற்றொன்று, அந்தத் தண்ணீர் ஆண்டுதோறும் ஆள் கேட்கிறது என்ற நம்பிக்கை. இரண்டுக்கும் ஊர் வைத்திருக்கும் சொல் 'காவு'.

கல்லும் மலையும்

இந்தக் குன்றுகளின் பாறை சார்னோக்கைட் எனப்படும் கருநீலச் சாம்பல் நிறக் கல். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். கொல்கத்தாவின் நிறுவனர் என்று நெடுங்காலம் கருதப்பட்ட ஜாப் சார்னோக்கின் கல்லறை அங்குள்ள புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறையின் பலகையும் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் ஒரே இனம் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-இல் பாறைக்குச் சார்னோக்கின் பெயரையே சூட்டினார். இன்று உலகப் புவியியல் பாடநூல்களில் இந்தப் பெயர் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கல்லுடைப்போருக்கு அது வெறும் கருங்கல். உறுதியானது, எளிதில் தேயாதது, நகரத்துக்கு அருகிலேயே கிடைப்பது. சாலைக்கும் ரயில் பாதைக்கும் கான்கிரீட்டுக்கும் வேண்டிய குணங்கள் எல்லாம் அதில் இருந்ததால் குன்றுகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

இங்கு கல்லில் கைவைத்த வரலாறு பழையது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரம் மலையில் ஐந்து கருவறைகள் கொண்ட குடைவரை ஒன்றைச் செதுக்கினான். பிற்காலத்தில் அது தர்காவாக மாறி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அதற்கும் பல லட்சம் ஆண்டுகள் முந்திய மனிதனின் தடயமும் இங்கே ஒரு பள்ளத்தில்தான் கிடைத்தது. 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழியிலிருந்து வெளியே எறியப்பட்ட மண்ணில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டறிந்தார். கல்வட்டங்களும் தாழிகளும் செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் பரவிக் கிடந்தன. வயதாகிச் சுருங்கிப்போன முதியோரை உயிரோடு தாழிக்குள் வைத்தார்கள் என்ற கதை தமிழ்நாடெங்கும் வழங்குவது. குவாரி வருவதற்கு முன்பே இந்த நிலத்தில் செத்தவர்களின் இடம் என்று ஊர் ஒதுக்கி வைத்த பகுதிகள் இருந்தன.

வேட்டும் சம்மட்டியும்

கருங்கல் வெட்டும் தொழிலைத் தலைமுறையாகச் செய்துவந்தவர்களில் ஒட்டர், போயர் என்று அழைக்கப்படும் சமூகத்தார் முக்கியமானவர்கள். ஏரி வெட்டுவது, கிணறு தோண்டுவது, பாறை பிளப்பது ஆகியவை அவர்கள் கைவேலை. பழைய முறையில் பாறையின் ஓட்டம் பார்த்து வரிசையாக உளியால் குழி போட்டு, அதில் ஆப்பு இறக்கிச் சம்மட்டியால் அடிப்பார்கள். கல் தன் நேர்கோட்டில் பிளக்கும். நெருப்பு மூட்டிப் பாறையைச் சூடாக்கி மேற்பொருக்கை உரித்தெடுப்பதும் உண்டு.

கரிமருந்து வந்ததும் வேலையின் வேகம் மாறியது. நீண்ட இரும்புத் துளைக்கம்பியை ஒருவர் பிடித்துத் திருப்பத் திருப்ப, மற்றவர் சம்மட்டியால் அடித்துக் குழி இறக்குவார். குழிக்குள் மருந்தைக் கெட்டித்து, களிமண்ணால் வாயை அடைத்து, திரி வைப்பதே 'வேட்டு வைத்தல்'. பின்னர் ஜெலட்டின் குச்சியும் டெட்டனேட்டரும் வந்தன. டிராக்டரில் பூட்டிய கம்பிரசர் துளைபோடும் வேலையை எடுத்துக்கொண்டது. உடைத்த கல்லை ஓலைக் கீற்று நிழலில் குந்தி ஜல்லியாகக் கொத்தியவர்களில் பெண்களும் சிறுவர்களும் நிறைய. கிரஷர் வந்தபின் அந்த வேலை இயந்திரத்துக்குப் போனது. தூசி மட்டும் பன்மடங்கானது.

இத்தொழிலில் சாவு வரும் வழிகள் எல்லோரும் அறிந்தவை. வெடிக்காமல் உள்ளே நின்றுவிட்ட வேட்டு அவற்றில் கொடியது. மறுநாள் அதே இடத்தில் கம்பி இறங்கும்போது வெடிக்கும். பறந்து வரும் சில்லு, மேலிருந்து சரியும் பாறை, மருந்துக் கிடங்கில் விபத்து ஆகியவை அடுத்தவை. இவை எதுவும் பழங்கதை ஆகிவிடவில்லை. 2022 மே 14 இரவு திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் ராட்சதப் பாறை சரிந்து, ஏறத்தாழ 300 அடி ஆழக் குவாரிக்குள் 6 தொழிலாளர்கள் சிக்கினர். அவர்களில் 4 பேர் இறந்தனர். 2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஆவியூரில் குவாரிக்கான வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது, அங்கிருந்தவர்கள் உடல் சிதறி இறந்தார்கள். 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் பாறை சரிந்து 6 பேர் உயிரிழந்தனர்.

மெதுவாக வரும் சாவு கணக்கில் ஏறுவது அரிது. பாறையிலுள்ள குவார்ட்ஸ் பொடியாகி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயாகிறது. படிந்த தூசி வெளியேறாது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றும். அது சட்டப்படி தொழில்நோய் என்றாலும், காசநோய் என்றே பலருக்கு மருந்து கொடுக்கப்படுவதால் குவாரியின் பெயர் வெளியே வருவதில்லை.

தொழிலாளி பள்ளத்தை விட்டுப் போக முடியாமல் கட்டிப்போட்டது முன்பணம். குடும்பம் மொத்தமும் வாங்கிய கடனுக்காகக் குவாரியோரக் குடிசையில் தங்கி உழைக்கும். கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஹரியானாவின் ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கட்டாய உழைப்பு தெரியவந்தால் அது கொத்தடிமை முறையே என்று கொள்ளவேண்டும், இல்லையென்று காட்டும் பொறுப்பு வேலை கொடுத்தவருக்கு உரியது என்பது அதன் சாரம். நாட்டின் குவாரித் தொழிலாளர் எல்லோரையும் தொட்ட தீர்ப்பு அது.

நரபலி என்ற வதந்தி

புதிய வேலை தொடங்கும்போது கோழி அறுப்பது, பூசணிக்காய் உடைப்பது, ஆயுத பூசையன்று சம்மட்டிக்கும் கடப்பாரைக்கும் பொட்டு வைப்பது ஆகியவை கல்தொழிலில் வழக்கம். மலையைத் தொடுமுன் அதன் காவல் தெய்வத்துக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவேண்டும் என்பது அடிப்படை எண்ணம். கொடுக்காவிட்டால் தெய்வமே எடுத்துக்கொள்ளும். விபத்தில் ஒருவர் இறந்தால் 'மலை காவு வாங்கிவிட்டது' என்பார்கள்.

இந்த எண்ணத்தின் இருண்ட மறுபக்கம் நரபலி வதந்தி. பாலம், அணை, ரயில்பாதை கட்டப்பட்ட இடங்களில் எல்லாம் அஸ்திவாரத்துக்குக் குழந்தை பலி கொடுக்கிறார்கள் என்ற பேச்சு ஆங்கிலேயர் காலத்தில் இந்தியா முழுவதும் பரவியது. குவாரிக்கும் அது தொற்றிக்கொண்டது. மதுரை மாவட்டக் கிரானைட் முறைகேடுகளை விசாரிக்க 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. விசாரணையின்போது, தொழிலாளர்கள் நரபலி கொடுக்கப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள் என்று முன்னாள் ஊழியர் ஒருவர் புகார் அளித்தார். 2015 செப்டம்பரில் மேலூர் அருகே சின்னமலம்பட்டிச் சுடுகாட்டில் தோண்டவேண்டிய இடத்தின் தடயங்கள் அழிந்துவிடக்கூடாது என்று சகாயம் அந்த இடத்திலேயே இரவு தங்கினார். தோண்டியதில் எலும்புகள் கிடைத்தன. எலும்பு கிடைப்பது வேறு, பலி என்று மெய்ப்பிப்பது வேறு. நரபலி என்பது புகாரே தவிரத் தீர்ப்பு அல்ல. ஆனாலும் அதிகாரி ஒருவர் சுடுகாட்டில் படுத்துக் காவல் காக்கவேண்டிய அளவுக்கு அச்சமும் நம்பிக்கையின்மையும் அத்தொழிலைச் சூழ்ந்திருந்ததை அந்த இரவு பதிவு செய்தது.

கைவிட்ட பிறகு

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் (1959) குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி நடத்தத் தடை விதிக்கின்றன. நகரம் தெற்கே பெருகப் பெருக, குவாரிகளைத் தேடி வீடுகளே வந்துவிட்டன. வேலை நின்றது, இயந்திரங்கள் போயின. எஞ்சியவை கிரஷர் நின்ற கான்கிரீட் மேடை, காவலாளி அறை, தள்ளி ஒதுக்குப்புறமாகத் தடித்த சுவரோடு நிற்கும் மருந்துக் கிடங்கு ஆகியவைதாம். கூரையில்லாத அந்த ஒற்றை அறைகள் பின்னாளில் பேய்வீடு என்ற பெயர் பெறுவதற்கு வேறு காரணம் தேவைப்படுவதில்லை. ஆள் நடமாட்டம் அற்ற அந்த இடங்கள் குற்றவாளிகளுக்கும் வசதியாயின. கொலை செய்த உடலைக் குவாரித் தண்ணீரில் வீசிய வழக்குகள் காவல்துறைக்குப் புதியவை அல்ல.

மழையும் ஊற்றும் பள்ளத்தை நிரப்புகின்றன. தூசி அடியில் தங்கியபின் நீர் தெளிந்து நீலப்பச்சையாக மின்னும். ஏரிகள் வறண்ட கோடையிலும் அது வற்றாது. பக்கத்து ஊர் இளைஞர்களை இழுப்பது இந்த அழகு. ஏரிக்கும் கல்குட்டைக்கும் உள்ள வேறுபாடு இறங்கியபின்தான் தெரியும். ஏரியில் கரை சரிந்து செல்லும். ஒவ்வொரு அடியாக ஆழம் கூடும். குவாரியில் கரை செங்குத்துச் சுவர். ஒரு படியில் முழங்கால் அளவு நீர், அடுத்த எட்டில் 50 அடி. பாசி பிடித்த விளிம்பில் கைக்குப் பிடி கிடைக்காது. வெயில் படும் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் சில அடிக்குக் கீழே நீர் சில்லென்றும் இருக்கும். மேலிருந்து குதிப்பவர் குளிர்ந்த அடுக்கைத் தொட்டதும் தன்னையறியாமல் மூச்சை இழுப்பார். அந்த ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் தண்ணீர் புகும். அடியில் கிடக்கும் பாறைத் துண்டும் இரும்புக் கம்பிவடமும் காலைப் பிடிக்கும். 'யாரோ காலைப் பிடித்து இழுத்தது போல் இருந்தது' என்று தப்பியவர் சொல்வதில் பொய் இல்லை.

உடல் கிடைக்கத் தாமதமாவதும் இதன் தொடர்ச்சி. மூழ்கிய உடல் உள்ளே வாயு உருவானபின் மிதக்கும். ஆழத்துக் குளிர் அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுவதால், ஏரியில் இரண்டாம் நாள் மிதக்கும் உடல் இங்கே பல நாள் அடியிலேயே கிடக்கலாம். தீயணைப்புத் துறையினர் படகில் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுவதும் கரையில் குடும்பம் காத்திருப்பதும் தென்புறநகர்க் கோடையில் திரும்பத் திரும்ப நிகழ்பவை. 'குட்டை பிணத்தைத் திருப்பித் தராது' என்ற பேச்சு இப்படிப் பிறந்தது.

பேயின் இலக்கணம்

தமிழ் நாட்டார் நம்பிக்கையில் இறந்தவர் எல்லோரும் பேயாவதில்லை. அகால மரணம் அடைந்தவரே விதித்த ஆயுள் முடியும்வரை செத்த இடத்தில் அலைவார். விபத்து, கொலை, தற்கொலை, நீரில் மூழ்குதல் ஆகியவை துர்மரணங்கள். அவற்றில் மணமாகாத இளைஞர், கன்னிப்பெண் ஆகியோரின் சாவு கூடுதல் வலிமை உடையது. தரங்கம்பாடியில் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு 1713-இல் எழுதிமுடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலே கிராம தேவதைகளுக்கும் பேய்களுக்கும் தனி இடம் கொடுத்தது. சென்னை ஆயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் 1916-இல் வெளியிட்ட நூலில் எல்லைத் தெய்வங்களுக்கான பலிகளை விரிவாகப் பதிவு செய்தார்.

குவாரி இந்த இலக்கணத்துக்கு எல்லா வகையிலும் பொருந்துகிறது. இறந்தவர்கள் பெரும்பாலும் இளையோர். இறந்த முறை துர்மரணம். இடம் ஊரெல்லைக்கு வெளியே. ஆகவே கதைகள் ஒரே அச்சில் வருகின்றன. முதலில் செத்தவன் துணைக்கு ஆள் கூப்பிடுகிறான் என்பது ஒன்று. அடுத்தடுத்த சாவுகளை இது கோத்துக் காட்டுகிறது. உச்சிவேளையிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் அங்கே போகக்கூடாது என்பது மற்றொன்று. அமாவாசையன்று மோகினி கரையில் நிற்பாள், பாறைமேல் முனி உலாவும் என்பன அதற்கடுத்தவை. சில குட்டைகளின் கரையில் ஏழு கற்களை நட்டுக் கன்னிமார் வழிபாடு நடப்பதுண்டு. ஏரிக்கரையில் நடக்கும் பழைய வழிபாடு புதிய நீர்நிலைக்கு இடம்பெயர்ந்த வடிவம் அது.

கதைக்குச் சான்றாகச் சொல்லப்படும் ஓசைகளும் ஒளிகளும் அந்த நிலத்திலேயே பிறப்பவை. மூன்று பக்கச் சுவர்களுக்கிடையே பேச்சு எதிரொலித்துத் தாமதமாகத் திரும்பும். பகல் வெயிலில் விரிந்த பாறை இரவில் சுருங்கும்போது சில்லு பெயர்ந்து நீரில் விழும். ஆளில்லாத இடத்தில் யாரோ கல் எறிவது போல் கேட்கும். நள்ளிரவில் கேட்கும் ஆழ்ந்த குரலுக்கு உரிமையாளர் கொம்பன் ஆந்தை. பெரும்பாக்கத்துக்கு அருகே மேடவாக்கம் சாலையை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காடு இப்பறவைக்குப் பெயர்பெற்ற இடம். அங்குள்ள கைவிடப்பட்ட குவாரியின் பாறைத் திட்டுகள் அது முட்டையிட உகந்தவை. ஆந்தை அலறினால் சாவு என்று நம்பும் ஊரில், சாவு நிகழ்ந்த பள்ளத்திலேயே அது குஞ்சு பொரித்தது கதைக்கு மேலும் உரம் சேர்த்தது. கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். வாயில் நெருப்போடு அலையும் கொள்ளிவாய்ப் பேய் சதுப்போடு சேர்த்துச் சொல்லப்படுவது; மட்கும் தாவரங்களிலிருந்து கிளம்பும் மீத்தேன் தீப்பற்றுவதே அந்த ஒளி என்று பொதுவாக விளக்கப்படுகிறது.

பிற சுரங்கங்களில்

தோண்டும் தொழில் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இத்தகைய கதைகளும் உண்டு. ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் நச்சுப்புகை கக்கிய தாதுவைக் 'கோபோல்ட்' என்ற குறும்புப் பேயின் வேலை என்றார்கள். கோபால்ட் என்ற தனிமத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. பொலிவியாவின் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் 'எல் டியோ' என்ற கொம்புள்ள உருவத்துக்குத் தொழிலாளர்கள் இன்றும் சிகரெட்டும் மதுவும் படைக்கிறார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் பாறை சரியுமுன் சுவரைத் தட்டி எச்சரிக்கும் குட்டிப் பேய்கள் உண்டு. அழுத்தத்தில் பாறை நொறுங்கத் தொடங்கும் ஒலியே அந்தத் தட்டல்.

கார்ன்வால் சுரங்கக்காரர்கள் பலர் கோலார் தங்கவயலுக்கு வந்தார்கள். அங்கே பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறுவது தீராத ஆபத்தாக இருந்தது. ஆபத்து பாறையிலிருந்து மட்டும் வரவில்லை. 1946 நவம்பர் 4 அன்று வேலைநிறுத்தத்தின்போது காவல்துறை சுட்டதில் 6 தொழிலாளர்கள் இறந்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஊர் நடுவே எஞ்சிய கழிவுக் குவியல்களை மக்கள் சயனைடு மலை என்கிறார்கள்.

கதையும் வேலியும்

திறந்தவெளிச் சுரங்கம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்குச் சட்டம் பழையது. உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் (1961) கடினப் பாறையில் 6 மீட்டர் உயரத்துக்கு மேற்படாத படிகளாக வெட்டவும், படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையாமல் இருக்கவும், பள்ளத்தின் விளிம்பில் வேலி அமைக்கவும் சொல்கின்றன. அப்படிப் படிகளாக வெட்டிய பள்ளத்தில் விழுந்தவர் ஏறிவர ஒரு வழி இருக்கும். நேர்ச்சுவராக வெட்டினால் அதே இடத்தில் கூடுதல் கல் கிடைக்கும். குவாரி இயங்கியபோது தொழிலாளியின்மேல் சரிந்ததும், கைவிட்டபின் நீச்சல் தெரிந்தவரையும் கரையேற விடாததும் அதே செங்குத்துச் சுவர். 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளும் சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2012 பிப்ரவரியில்தான். தென்சென்னைக் குன்றுகளின் பள்ளங்கள் பல அதற்கு முன்பே தோண்டப்பட்டவை.

வேலி இல்லாத இடத்தில் பேய்க்கதை வேலியாக நின்றது. உச்சிவேளையில் போகாதே என்ற தடை, சிறுவர்கள் துணையின்றிக் குளிக்கப் போகும் நேரத்தையே குறிவைத்தது. இங்கிலாந்தின் பக்ஸ்டன் அருகே நீலநிறக் காரநீர் தேங்கிய குவாரியில் மக்கள் குளிப்பதைத் தடுக்க 2013-இல் அதிகாரிகள் தண்ணீருக்குக் கறுப்புச் சாயம் கலந்தார்கள். மோகினிக் கதையின் வேலையை அங்கே சாயம் செய்தது. ஆனால் கதை, அதைக் கேட்டு வளர்ந்தவரிடம் மட்டுமே செல்லும். பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிகளில் நகரின் ஆற்றோரங்களிலிருந்து குடியமர்த்தப்பட்டவர்கள், கல்லூரி மாணவர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் என்று இவ்வட்டாரத்தின் புதிய மக்களுக்கு அந்தப் பள்ளங்களின் கதை தெரியாது. தெரிவது நீலத் தண்ணீர் மட்டும்.

கல்குட்டைக்கு வேறு பயனும் உண்டென்று வறட்சி காட்டியது. 2017 கோடையில் ஏரிகள் வறண்டபோது, குன்றத்தூர் அருகே சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட குவாரிகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் நீரைச் சென்னைக் குடிநீர் வாரியம் எடுத்துச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்கு வழங்கியது. 2019 வறட்சியிலும் அந்தக் குட்டைகள் கைகொடுத்தன. குழாய் பதித்து, காவல் போட்டு, ஆழம் அளந்து பயன்படுத்தத் தொடங்கியபின் அவை அரசுக் கணக்கில் நீர்த்தேக்கம் ஆயின. கணக்கில் ஏறாத மற்றப் பள்ளங்களை ஊர் இன்னும் பழைய பெயராலேயே அழைக்கிறது.